புகைக்கு மட்டும் பத்து நிமிடம்

வாருங்கள், வந்து இந்தச் சலவைக்கூடத்தின் பின்சுவரருகே நில்லுங்கள். சட்டை அழுக்காகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்து அனுப்புகிற இடம் இது. மருத்துவமனையில் ஒருவர் கண்மூடிய விரிப்பும், விடுதியில் புதுமணத் தம்பதியர் கண்விழித்த விரிப்பும் இங்கே ஒரே தொட்டியில் புரண்டு, ஒரே வெண்மையாய் வெளியே வருகின்றன. துணிகளுக்குக் கிடைக்கும் இந்தச் சமத்துவம், துணி வெளுப்பவர்களுக்குக் கிடைக்கிறதா? அதைக் காணத்தான் இந்த அழைப்பு.

சுவரைப் பாருங்கள். முதுகு உயரத்தில் நீண்டு கிடக்கிறது ஒரு கறைப் பட்டை. முப்பது ஆண்டுகளாகக் களைத்த முதுகுகள் சாய்ந்து சாய்ந்து தீட்டியது. அதன் காலடியில் ஒரு தகரடப்பா, கழுத்து வரை சிகரெட் துண்டுகள். எந்த ஏட்டிலும் எழுதப்படாத, ஆனால் எவரும் மீறாத ஒரு சட்டம் இந்தச் சுவருக்கு உண்டு. காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் பத்து நிமிடம் இங்கே வந்து நிற்கலாம். கையில் சிகரெட் இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் புகைவாடை ஏறினால் வாடிக்கை போய்விடும் என்று பயந்த முதலாளி ஒருவர், எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. புகைப்பவர் வெளியே போய்ப் புகைக்கட்டும் என்றார். புகைக்காதவருக்கு வெளியே என்ன வேலை என்றும் அவரே கேட்டுக்கொண்டார். அதனால் காலில் நீர்கோத்தவருக்கு ஓய்வில்லை. இடுப்பு விட்டுப்போனவருக்கு ஓய்வில்லை. வயிற்றில் பிள்ளை சுமந்தவருக்கும் ஓய்வில்லை. தீப்பெட்டியை எடுத்துக் காட்டியவருக்குக் கதவு திறந்தது. நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளச் சம்மதித்தால்தான் முதுகை நிமிர்த்த அனுமதி! இதைவிடக் கொடுமையான வியாபாரத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

இந்த வியாபாரத்தில் ஏமாந்தவர் ஒருவர், உருளை இயந்திரத்துக்கு ஈரவிரிப்பு ஊட்டுகிறவர். மூச்சு புஸ் புஸ்ஸென்று வருவதால் கூடத்தில் அவருக்கு ‘நீராவி’ என்று பெயர். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதுகு இரண்டாய்ப் பிளந்துவிடும் போலிருக்க, மற்றவர்கள் பின்னாலேயே இந்தச் சுவருக்கு வந்து நின்றார். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். கழுத்தில் எப்போதும் தொங்குவது விசில். அவர் பெயரும் விசில்.

“என்ன தம்பி, வேடிக்கை பாக்குறியா?”

“இல்லீங்க, முதுகு கொஞ்சம்...”

“கையில ஒண்ணும் காணோமே! சும்மா நிக்கிறதுக்கா உன்ன எடுத்தோம்? போ, போ, உள்ள போ.”

மறுநாள், சோப்புத் தொட்டியில் வேலை செய்வதால் ‘நுரை’ என்று பெயர்பெற்றவர் ஒரு சிகரெட்டை நீட்டினார். “இந்தா, சும்மா விரல்ல வெச்சுக்க. இழுக்கணும்னு கட்டாயம் இல்ல. வெளிய வர்றதுக்கு டிக்கெட்டுன்னு நெனச்சுக்க.”

மூன்று நாள் சும்மா வைத்திருந்தார். நான்காம் நாள் இழுத்தார். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் இழுத்தார். கெட்ட சகவாசத்தால் கெட்டான் என்று முழங்குகிறவர்களே, இவரைக் கெடுத்தது களைப்பு!

சுவரருகே நிற்பவர்கள் நால்வர். நீராவி, நுரை, வண்டியிலிருந்து அழுக்குமூட்டை இறக்கும் மூட்டை, கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர். இந்தப் பாய்லர் நீராவியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. நால்வருக்கும் ஒரே சிகரெட் பாக்கெட், பொதுச் சொத்து. ஆரஞ்சு வந்தால் சுளை எண்ணி நாலு பங்கு. ரொட்டி வந்தால் நாலு பங்கு. யார் வீட்டு மிட்டாயாவது ஒன்று மிஞ்சினால் அதையும் பல்லால் கடித்து நாலாக்குவார் நுரை. “நம்ம கட்சிக் கொள்கை நாலு பங்குடா” என்பார். அந்தக் கொள்கையில் அன்பு இருந்தது. அந்த அன்பே ஒருநாள் ஒருவர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

உருளையின் இப்பக்கம் நீராவி நின்று விரிப்பை ஊட்டினால், அப்பக்கம் அது ஆவி பறக்க, விறைப்பாக வெளியே வரும். அதை ஏந்தி, மூலைக்கு மூலை சேர்த்து, எட்டாக மடிப்பவர் அவர் மனைவி. கூடமே அவரை மடிப்பக்கா என்று அழைக்கும். பதினெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் பகலெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது சூடான வெள்ளைத் துணிக்கு மேலாகத்தான். பேசிக்கொண்டதும் அப்படியே, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி.

“ஏங்க, எடப்பக்கம் இழுக்குது! நேராப் போடுங்க!”

“நேராத்தான்டி போடுறேன். உன் கண்ணு கோணல்!”

“என் கண்ணு கோணலா இருந்ததாலதான் உங்களக் கட்டிக்கிட்டேன்!”

மடிப்பு மேசையில் நிற்கும் மற்றப் பத்துப் பெண்களும் சிரிப்பார்கள். சிரித்தாலும் கை நிற்காது. அந்தப் பதினொரு பெண்களில் ஒருவரும் புகைப்பவர் அல்லர். ஆகவே பதினொருவருக்கும் காலை ஆறிலிருந்து மதியச் சோறு வரை கால்மாற்றிக்கொள்வதே ஓய்வு.

மழை விடாத ஒரு வாரம். தகரக் கூரை ஓயாமல் பறையடித்தது. நீராவிக்கு இருமல் வந்தது. வழக்கமான இருமல்தான், ஆனால் நிற்கவில்லை. விரிப்பின் விளிம்பைப் பிடித்த கையோடு குனிந்து குனிந்து இருமினார். துணி கோணலாய் உள்ளே போக, அதை நேராக்கப் போன கையின் சட்டை நுனியை உருளை கவ்வியது. மடிப்பக்கா பார்த்தார். அலறவில்லை, அதற்கு நேரமில்லை. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புக் கட்டையை முழங்காலால் இடித்தார். இயந்திரம் நின்றது. நீராவியின் விரல்களுக்கும் உருளைக்கும் இடையே நான்கு விரற்கடைதான் இடைவெளி.

“இருமல்தாம்மா. ஒண்ணுமில்ல” என்றார் நீராவி.

“ஒண்ணுமில்லாத இருமல்தான் கையக் கொண்டுபோய் ரோலருக்குள்ள விடுமா?” மடிப்பக்கா அவர் சட்டை நுனியை உருளையிலிருந்து இழுத்து விடுவித்தார். “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். வரலேன்னா நீங்களே ஊட்டி, நீங்களே மடிச்சுக்குங்க.”

மருத்துவர் இளம்பெண். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ஒரு குழாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்.

“இப்ப சிகரெட்ட விட்டா நெஞ்சு பொழைக்கும்” என்றார். “எத்தன தடவ விட்டுப் பாத்தீங்க?”

“நாலு தடவங்க. ஒரு தடவ பதினோரு நாள் இருந்தேன்.”

“பதினோரு நாள் எங்களத்தான் இழுத்தாரு டாக்டர்” என்றார் மடிப்பக்கா. “உப்பு கம்மின்னு சண்ட, உப்பு ஜாஸ்தின்னு சண்ட, சரியா இருந்தா ‘ஏன் சரியா இருக்கு’ன்னு சண்ட.”

மருத்துவர் சிரித்துவிட்டார். “அது அவரு குணம் இல்லம்மா, ஒடம்பு புகையிலையக் கேட்டு அழுவுறது. மாத்திரை தரேன்.”

நீராவியின் முகம் சுருங்கியது. “மாத்திரையா? மனசுல உறுதி இருந்தா விட்டுடலாம்னு சொல்றாங்களே. மாத்திரை போட்டு விட்டேன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?”

“கால் ஒடிஞ்சவன் கட்டுப் போட்டா யாராவது சிரிக்கிறாங்களா? இதக் கேளுங்க. புகையில உங்க மூளைக்குள்ள போய் உக்கார்றதுக்கு ஒரு நாற்காலி இருக்கு. இந்த மாத்திரை முன்னாடியே போய் அதுல உக்காந்துக்கும். நீங்க இழுத்தாலும் புகைக்கு உக்கார எடம் இருக்காது. நின்னு பாத்துட்டுப் போயிடும்.”

பிறகு கேள்விகள் கேட்டார். சிறுநீரகத்தில் கோளாறு உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா, மனத்துக்காக மருந்து சாப்பிட்டதுண்டா, வேறு மாத்திரை ஏதேனும் உண்டா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் நீராவி “இல்லீங்க” என்றார். மருத்துவர் ஓர் அட்டையை எடுத்து விளக்கினார். முதல் மூன்று நாள் ஒவ்வொன்று. நான்காம் நாளிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. எட்டாம் நாளிலிருந்து வலுவான மாத்திரை. அந்த எட்டாம் நாள்தான் சிகரெட்டை விடும் நாள். அதுவரை இழுத்தாலும் குற்றமில்லை. மொத்தம் பன்னிரண்டு வாரம்.

“சாப்ட்ட பிறகு, ஒரு டம்ளர் நெறையத் தண்ணியோட. வெறும் வயித்துல போட்டா கொமட்டும். கனவு பளிச்சுப் பளிச்சுன்னு வரும், பயப்படாதீங்க. ஆனா மனசு இருண்ட மாதிரி, என்னமோ போல இருந்தா ஒடனே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். இது உங்க ஒடம்புக்கு அளவெடுத்துத் தர்ற மருந்து. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க” என்றார் நீராவி. எல்லாம் புரிந்தது, கடைசியில் சொன்னது ஒன்றைத் தவிர.

மூன்றாம் நாள் காலை அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தார்.

“இந்தாம்மா, ராத்திரி கடல இஸ்திரி போட்டேன்.”

“எத?”

“கடல. முழுசா. ஓரத்தப் பிடிச்சு ரோலர்ல விட்டா அப்படியே சொரசொரன்னு போவுது, மீனெல்லாம் தட்டையா வருது. அந்தப் பக்கம் நீ நின்னு மடிக்கிற.”

“கனவுலயும் என்ன உக்கார விடலையா? சரி, என்ன சொன்னேன்?”

“மூல சரியில்ல, திருப்பிப் போடுன்னே.”

மடிப்பக்கா சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டார். அன்று பதினொரு பெண்களும் நாள் முழுவதும் கடலையே மடித்தார்கள்; அலையை எப்படி எட்டாக மடிப்பது என்று பெரிய விவாதம் நடந்தது.

ஐந்தாம் நாள் பதினொரு மணி. சுவரருகே நீராவி தீப்பெட்டியை எடுக்க, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையும் வெளியே வந்தது. மூட்டை அதைப் பிடித்துக்கொண்டார்.

“என்னண்ணே இது? தனியா முழுங்குறியா?”

“மருந்துடா. இத விடுறதுக்கு.”

“வேல செய்யுதா?”

“செய்யுதே. இப்பல்லாம் இழுத்தா ஈரத்துணியக் கொளுத்தி இழுக்குற மாதிரி இருக்கு. ருசியே இல்ல.”

நுரை சுவரில் சாய்ந்தபடி வானத்தைப் பார்த்தார். “விடுறா மூட்டை, அவன் பெரிய மனுஷன் ஆயிட்டான். ஆரஞ்சுன்னா நாலு பங்கு, நெஞ்சுக்கு மருந்துன்னா ஒரு பங்கு. அவன் நல்லபடியாப் போவட்டும். நாம இந்தச் செவுத்தோட கெடப்போம்.”

கேட்டீர்களா? இருபத்திரண்டு ஆண்டு நட்பு ஒரே நொடியில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. நீராவிக்கு அந்தச் சொல் தாங்கவில்லை. பேராசைக்காரராக இருந்திருந்தால் அந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார். நல்லவராக இருந்ததனால் செய்தார். அட்டையை வாங்கி மூன்று மாத்திரைகளைப் பிதுக்கி, ஆளுக்கொன்று கொடுத்தார்.

“சாப்ட்டுப் போடுங்கடா. நெறையத் தண்ணி” என்று மருத்துவரைப் போலவே விரலையும் ஆட்டினார்.

நுரை அங்கேயே, வெறும் வயிற்றில், எச்சிலோடு விழுங்கினார். மூட்டையும் அப்படியே. பாய்லர் மட்டும், “நைட்டு வரைக்கும் எனக்கு டூட்டி இருக்கு மாமா. சாயங்காலம் ரொட்டி சாப்ட்டுட்டுப் போடுறேன்” என்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

மாலை ஆறு மணி. மூன்றாம் மாடியில் அவர்களுடைய ஒற்றை அறை. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சன்னலில் மழை சற்று ஓய்ந்து வெளிச்சம் வந்திருந்தது. மடிப்பக்கா மாலை மாத்திரைக்காக அட்டையை எடுத்தார். நாளெல்லாம் விரிப்புகளை எண்ணி அடுக்குகிற கண் அது, எண்ணாமல் இருக்காது.

“ஏங்க, அஞ்சு இருக்கணும். ரெண்டுதான் இருக்கு. தூக்கத்துல முழுங்குனீங்களா?”

“பசங்களுக்குக் குடுத்தேன். ஆளுக்கு ஒண்ணு.” நீராவி பெருமையாகச் சொன்னார். “நான் மட்டும் பொழச்சா நல்லாவா இருக்கும்?”

“எந்தப் பசங்க?”

“யாரு, நுரை, மூட்டை, நம்ம மாப்ள...”

“என் தம்பிக்குமா?” கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. “ஐயோ, அவனுக்கு வலிப்பு வருங்க! பன்னெண்டு வயசு வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு! அந்த டாக்டர் அதத்தானே கேட்டாங்க!”

“வலிப்பா? மாப்ளைக்கா? எனக்கு யாரும் சொல்லலையே!”

“எப்படிச் சொல்லுவோம்? பொண்ணு பாக்க வந்தீங்க. தம்பிக்கு வலிப்புன்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்கன்னு அம்மா என் வாய அடச்சாங்க. அடச்ச வாய அப்புறம் தொறக்கவே இல்ல!”

அடுப்பை அணைத்தாரோ இல்லையோ, செருப்பை மறந்தார். மூன்று மாடியையும் இறங்கித் தெருவில் ஓடினார். பின்னாலேயே நீராவி, புஸ் புஸ்ஸென்று, இரண்டு முறை நின்று, மூன்றாம் முறை நிற்காமல்.

நோய் வருவது ஒருவருடைய குற்றமா? அதைச் சொன்னால் திருமணம் நின்றுவிடும் என்று ஒரு தாயை அஞ்சவைத்த ஊர் அல்லவா குற்றவாளி! பதினெட்டு ஆண்டு மூடிவைத்த ஒரு சொல்லின் விலை, அந்த மாலையில் ஒரு மனிதரின் உயிராக இருந்திருக்கக்கூடும்.

கொதிகலன் அறையில், அழுத்தம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, கவிழ்த்த வாளியின்மேல் பாய்லர் உட்கார்ந்திருந்தார். மடியில் ரொட்டி. வாயில் ரொட்டி. ஒரு கையில் தண்ணீர். மறு உள்ளங்கையில் அந்த வெள்ளை மாத்திரை. மடிப்பக்கா வந்த வேகத்தில் அந்தக் கையை ஓங்கித் தட்டினார். மாத்திரை பறந்து வடிகாலில் விழுந்தது, ரொட்டியும் விழுந்தது.

“அக்கா! ரொட்டி என்னக்கா பண்ணுச்சு?”

“முழுங்கிட்டியா? சொல்லுடா, முழுங்கிட்டியா?”

“எங்க விட்ட?”

மடிப்பக்கா அவர் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே முதுகில் அறைந்தார். நீராவி கதவைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தார். பாய்லர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்தது. முகம் வெளிறியது.

“மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“தெரிஞ்சா என்னடா?” நீராவி ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தார். “உங்கக்கா வாயவே... பதினெட்டு வருஷம் தாங்குனவன்... உன் வலிப்பு என்னைய என்னடா பண்ணிடும்?”

பாய்லர் சிரிக்கத் தொடங்கினார். மடிப்பக்காவும் அழுகையை நிறுத்தாமலேயே சிரித்தார். அப்போது தொட்டிப் பக்கமிருந்து ஒரு முனகல். நுரை வீட்டுக்குப் போக முடியாமல் வடிகால் விளிம்பில் குந்தி, மதியத்திலிருந்து உண்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “சாப்ட்டுப் போடுன்னான்... நான்தான் கேக்கல...” அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மூட்டை நிமிர்ந்து பார்த்து, “எனக்கு ஒண்ணுமே ஆவலண்ணே. இன்னொன்னு இருக்கா?” என்றார். மடிப்பக்கா பார்த்த பார்வையில் கேள்வியைத் தாமே விழுங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை ஐவரும் மருத்துவர் அறையில், ஒரே பெஞ்சில், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள் போல் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். எழுதுகோலைக் கீழே வைத்தார்.

“மாத்திரை என்ன வறுத்த கடலையா, ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் குடுக்க?”

ஆண்கள் நால்வரும் தம் பாதங்களைப் பார்த்தார்கள்.

“நாலு பங்குதாங்க எங்க வழக்கம்” என்றார் நுரை மெல்ல.

“சிகரெட்ட நாலு பங்கு போட்டீங்க, நாலு நெஞ்சும் கெட்டுச்சு. மருந்த நாலு பங்கு போட்டா நாலு பேருக்கும் பத்தாது, ஒருத்தருக்கு ஆபத்து. ஆளுக்கொரு ஒடம்பு, ஆளுக்கொரு கணக்கு. வாங்க, ஒவ்வொருத்தரா.”

பாய்லரிடம் நெடுநேரம் பேசினார். மாத்திரை வேண்டாம் என்று, புகையிலை ஆசையைத் தணிக்கத் தோளில் ஒட்டும் பட்டையும், வாயில் மெல்லும் பசையும் எழுதினார். “வலிப்ப மறச்சுட்டுக் கொதிகலன் பக்கத்துல தனியா நிக்கக் கூடாது. அதுக்கும் பரிசோதன பண்ணிடுவோம்” என்றார். மூட்டைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் சற்று மந்தம் என்று தெரிந்தது. அவருக்கு அளவைப் பாதியாக்கினார். நுரைக்கு நீராவிக்குக் கொடுத்த அதே மாத்திரை, முதல் நாளிலிருந்து. நீராவியின் அட்டையில் குறைந்துபோன மாத்திரைகளைக் கொடுத்து, “எட்டாம் நாள் எட்டாம் நாள்தான். அது மாறல” என்றார்.

மூட்டை வெளியே வந்ததும் சொன்னார்: “இருபது வருஷமா மூட்ட தூக்குறேன். என் கிட்னியப் பத்தி மொத மொதல்ல விசாரிச்சது இந்தம்மாதான்.”

எட்டாம் நாள் வந்தது. பதினொரு மணிக்கு இயந்திரத்தின் முன் இன்னொருவரை நிறுத்திவிட்டு நீராவி சுவருக்கு வந்தார். கை வெறுங்கை. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறை. விசில் வாசலில் நின்றார்.

“என்ன, கையில காணோம்?”

“விட்டுட்டேங்க. இன்னிலருந்து.”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம். நல்ல காரியம் பண்ணே.” விசில் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு சொன்னார்: “சரி, அப்ப உள்ள போ.”

உலகத்தின் எத்தனை அநீதிகள் இப்படித் தோளில் தட்டிக்கொண்டே செய்யப்படுகின்றன!

நீராவி நின்றார். முதுகு சுவரைக் கேட்டது. நுரையீரல் காற்றைக் கேட்டது. அருகில் நின்ற நுரை, தன் கெடு இன்னும் வராததால் புகைத்துக்கொண்டிருந்தவர், பதறிப்போய்ப் பழைய உதவியையே நீட்டினார். “இந்தா, சும்மா விரல்ல வெச்சுக்கடா. பத்த வெக்காத. நின்னுட்டுப் போ.” நீராவியின் கை எழுந்தது. மாத்திரை ஆசையைத் தணிக்கும். ஓய்வில்லாத முதுகுக்கு மாத்திரை ஏது? விரல்கள் அந்தச் சிகரெட்டைத் தொட்டன.

திறந்த கதவின் வழியே மடிப்பக்கா பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலை உயர்த்தினார். சிவப்புக் கட்டையை இடித்தார்.

கூடத்தில் அமைதி விழுந்தது. கூரைமேல் மழை பெய்வது பல ஆண்டுகளுக்குப் பின் எல்லார் காதிலும் கேட்டது. மடிப்பக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் பத்துப் பெண்கள். வந்து வரிசையாகச் சுவரில் சாய்ந்தார்கள். நீராவி சிகரெட்டை நுரையின் கையிலேயே திருப்பி வைத்தார்.

“என்ன மடிப்பக்கா இது? யாரு நிறுத்துனது? இங்க என்ன பண்றீங்க எல்லாரும்?” விசில் ஊத மறந்துபோனார்.

“மூச்சு விடுறோம்.”

“அத உள்ள விடக் கூடாதா?”

“உள்ள விட்டுப் பாத்தாச்சு, இத்தன வருஷமா. பத்தல.”

“வெளயாடாதீங்க. ஆஸ்பத்திரி வண்டி ஒரு மணிக்கு வருது. மொதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?”

மடிப்பக்கா நிதானமாகச் சொன்னார்: “புகைக்கிறவங்களுக்குக் குடுக்குற பத்து நிமிஷத்த மத்தவங்களுக்கும் குடுக்கச் சொல்லுங்க. கூட ஒண்ணும் கேக்கல. இல்லேன்னா சட்டம் சட்டமாவே இருக்கட்டும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நாங்க பதினோரு பேரும் ஆளுக்கொரு சிகரெட்டக் கொளுத்திக்கிட்டு வர்றோம். அப்ப விட்டுத்தானே ஆகணும்?”

விசில் பதினொரு பெண்களையும் பார்த்தார். கோடியில் இருந்த பெண், “எனக்கு ஃபில்டர் வெச்ச சிகரெட்டுதான் ஒத்துக்கும்” என்றார். அடுத்தவர், “எனக்கு இருமல் வரும், பரவால்லையா?” என்றார். சிரிப்பு வெடித்தது. விசிலின் உதடும் கோணியது. உள்ளே போனார், முதலாளியிடம் தொலைபேசியில் பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. திரும்பி வந்து, “இன்னிக்கு மட்டும்” என்றார்.

மறுநாளும் இன்றைக்கு மட்டும். அதற்கு மறுநாளும். நான்காம் நாள், கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: பதினொன்றுக்கும் நான்குக்கும் பத்து நிமிடம், அனைவருக்கும். ஆவியில் உரிந்து வராமலிருக்க அதன் நான்கு மூலையிலும் மூட்டை இரட்டைப் பசை தடவினார். அன்று மாலை விசில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நீராவியின் காதருகே குனிந்தார்.

“அந்த டாக்டரம்மா எந்தத் தெருவுல? எனக்கில்ல... ஒரு சொந்தக்காரருக்கு.”

“அந்தச் சொந்தக்காரரு எத்தன வருஷமா இழுக்குறாரு?”

“முப்பத்தஞ்சு” என்ற விசில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது மழை விட்டுவிட்டது. சுவரோரம் வெயில் விழுகிறது. கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அமர்கிறார்கள். நீராவியும் மடிப்பக்காவும் எதிரெதிரே அல்லாமல், வேலைநேரத்தில் முதன்முறையாக, அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள், கத்தாமல் பேசுகிறார்கள். பதினெட்டு ஆண்டாகக் கத்தியே பழகிய இருவருக்கும் தாழ்ந்த குரலில் பேசச் சற்று வெட்கமாகக்கூட இருக்கிறது. பன்னிரண்டு வாரத்தையும் நீராவி முழுமையாக முடித்தார். நுரை ஐந்தாம் வாரத்தில் சறுக்கி, மூன்று நாள் புகைத்து, மருத்துவரிடம் போய், “மறுபடியும் மொதல்லருந்தாங்க?” என்று கேட்டார்; “விட்ட எடத்துலருந்து” என்றார் அவர். பாய்லர் தோளில் ஒட்டிய பட்டையின் துணையோடு புகையை விட்டார். கொதிகலன் அறையில் இப்போது அவரோடு இன்னொருவரும் நிற்கிறார். மூட்டை இன்னும் நாளுக்கு இரண்டு புகைக்கிறார். முன்பு இருபத்தைந்து. அவர் கதை முடியவில்லை. அதனால் அது தோற்றதாகிவிடாது.

படித்துவிட்டீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். சிரிப்போடு கலைந்துபோக உங்களுக்கு உரிமையில்லை! நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஓய்வுக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த விலை ஒருவருடைய நெஞ்சாக இருந்தால், இயந்திரத்தை நிறுத்துங்கள். மாத்திரை போட்டு விடுபவரைப் பார்த்து உறுதியில்லாதவர் என்று இளிக்கிற வாயைக் கண்டித்து மூடுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ உள்ள நோயை வெட்கத்தால் பூட்டி வைத்திருந்தால், அந்தப் பூட்டை இன்றே உடைத்து, மருத்துவர் முன் வாய் திறந்து சொல்லுங்கள். அன்பு மிகுந்து உங்கள் மருந்தைப் பிறருக்குப் பிதுக்கிக் கொடுக்காதீர்கள். அந்த அன்பு உண்மையானால் உங்கள் அரைநாளை அவருக்குக் கொடுங்கள். விட நினைத்து விட முடியாமல் தவிக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் பெயர் இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் நினைவுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தை மூடுங்கள். எழுந்து அவரிடம் போங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், அவர் அதைப் போதுமான அளவு கேட்டுவிட்டார். “வா, டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடியே, அவரோடு போங்கள்.